பழைய சிடி பிளேயரை வாங்குவதும் பாட வைப்பதும்

பழைய சிடி பிளேயர் ஒன்றை வாங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, டிஜிட்டல் தகவலை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் டிஏசி ஐசி உள்ளே எது இருக்கிறது என்பதைத்தான். பிலிப்ஸின் டிடிஏ1541ஏ இருக்கிறது என்று விற்பவர் சொல்லிவிட்டால் விலை ஏறிவிடுகிறது. அந்த ஐசியின் மேல், பொறுக்கியெடுத்த ரகம் என்பதைக் காட்டும் கிரீடச் சின்னம் அச்சிடப்பட்டிருந்தால் இன்னும் ஏறுகிறது. ஆனால், முப்பது நாற்பது ஆண்டுகளைக் கடந்த பிளேயரில் டிஏசி ஐசி கெட்டுப்போயிருப்பது அபூர்வம். கெடுவதெல்லாம் தகட்டைப் படிக்கும் பகுதிதான்: லேசர், அதைத் தாங்கும் பொறி, தகட்டைச் சுழற்றும் மோட்டார், டிரேயை இழுக்கும் பெல்ட். இவற்றில் லேசரைத் தவிர மற்ற அனைத்துக்கும் ஏதாவது ஒரு வழி உண்டு. ஆகவே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது, இதனுள் இருக்கும் லேசர் பொறியின் எண் என்ன, அது இன்றும் கிடைக்கிறதா என்பதே. அதற்கு விடை தெரியாமல் கொடுக்கும் பணம் வெறும் பெட்டிக்குக் கொடுத்த பணமாகவே முடியலாம்.

லேசர் செய்யும் வேலையைச் சற்று உற்றுப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டின் உள்ளே, சுற்றுக்குச் சுற்று 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஓடும் சுருள் தடத்தை, 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அது படிக்கிறது. உள்விளிம்பைப் படிக்கும்போது தகடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 முறையும், வெளிவிளிம்புக்கு வரும்போது ஏறத்தாழ 200 முறையும் சுழல்கிறது. எந்தத் தகடும் முற்றிலும் சமதளமாக இருப்பதில்லை. சுழலும்போது மேலும் கீழும் நெளியும், பக்கவாட்டிலும் விலகி ஆடும். அதற்கெல்லாம் ஈடுகொடுத்து லென்ஸ் ஒவ்வொரு கணமும் நகர்ந்து, ஒளிப்புள்ளியை ஓரிரு மைக்ரோமீட்டர் பிழைக்குள் குவித்து வைத்திருக்க வேண்டும். லென்ஸில் படிந்த புகை, ரெயிலில் இறுகிப்போன கிரீஸ், மின்வழங்கலில் கலந்த இரைச்சல், வயதாகி மங்கிய லேசர் டயோடு என்று காரணம் எதுவாக இருந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: தகட்டைப் படிக்கவில்லை. இதனாலேயே பழுது பார்ப்பதை எளிதான காரணத்தில் தொடங்கி, லேசரைக் கடைசியாகச் சந்தேகிக்கும் வரிசையில் செய்ய வேண்டும்.

எந்தக் காலத்துப் பிளேயர்

முதல் தலைமுறைப் பிளேயர்களைச் சேகரிப்பவர்களுக்கு விட்டுவிடுவது நல்லது. 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் 1,68,000 யென் விலையில் வெளிவந்த சோனி சிடிபி-101 வரலாற்றுச் சிறப்புடையதுதான். ஒரே ஒரு டிஏசியை இடது வலது சேனல்களுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்திய அதன் வடிவமைப்பும் படிக்கச் சுவையானது. ஆனால், அதன் லேசர் பழுதானால் இன்னொரு சிடிபி-101 ஐ உடைத்தாலொழிய வழியில்லை. அதே காலத்து பிலிப்ஸ் சிடி100, 14 பிட் டிடிஏ1540 ஐசிகள் இரண்டையும் நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் வடிகட்டியையும் கொண்டு, கேட்பதற்கு இன்றும் இனிமையாகவே இருக்கிறது. உதிரி பாகத்தைப் பொறுத்தவரை அதன் நிலையும் இதுவே.

1985 முதல் 1990 வரையிலான பிலிப்ஸ், மராண்ட்ஸ் பிளேயர்களே என் பார்வையில் கொடுத்த பணத்துக்கு மிகுதியான நிறைவைத் தருபவை. இவற்றில் லேசர் ரெயிலில் ஊர்ந்து செல்வதில்லை. ஓர் அச்சில் பொருத்திய கையின் முனையில் அமர்ந்து, தகட்டின் குறுக்கே வில்போல் வீசி நகர்கிறது. பல் சக்கரம் இல்லை, தேய்வதற்கு ரெயில் இல்லை, பாடலிலிருந்து பாடலுக்குத் தாவும் வேகமும் வியப்பளிக்கும். பிலிப்ஸின் இந்த வீசும் கைப் பொறிகளில் சிடிஎம்-0, சிடிஎம்-1 என்ற எண்ணுள்ளவற்றின் வார்ப்பு உலோக உடல் மிக உறுதியானது. பின்வந்த சிடிஎம்-4 பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் என்றாலும், மராண்ட்ஸ் சிடி-60 போன்ற பிளேயர்களில் அது இன்றும் சளைக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. குறை ஒன்று உண்டு: இந்தப் பொறிகள் எவையும் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. அதே பொறி உள்ள மலிவான பிலிப்ஸ் பிளேயர் ஒன்றை உதிரிக்காகவே வாங்கி வைப்பவர்கள் உண்டு. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

முதன்முறையாகப் பழுது பார்க்க இறங்குகிறவர்களுக்கு 1990களின் பிளேயர்களையே பரிந்துரைப்பேன். சோனியின் கேஎஸ்எஸ்-240ஏ, கேஎஸ்எஸ்-213 பிக்கப்களும் (லேசரும் லென்ஸும் சேர்ந்த பகுதி) சான்யோவின் எஸ்எஃப்-பி101என் பிக்கப்பும் சோனியில் மட்டுமல்லாமல் பல நிறுவனங்களின் பிளேயர்களில் இடம்பெற்றவை. இவற்றின் சீனத் தயாரிப்பு நகல்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. நகல்களின் தரம் ஒன்றுபோல் இருக்காது என்பதால், இரண்டாக வாங்கி நன்றாகப் படிப்பதைப் பொருத்துவது நடைமுறைக்கு உகந்தது.

மாடல் எண்ணில் மயங்கிவிடக் கூடாது என்பதற்கு மராண்ட்ஸ் சிடி-63 ஒன்றே போதும். 1980களின் தொடக்கத்தில் இந்தப் பெயரில் வந்தது, பிலிப்ஸ் சிடி100 இன் மறுபெயரான, மேலிருந்து மூடியைத் திறந்து தகட்டை வைக்கும் சிறிய பிளேயர். 1990களின் நடுவில் அதே எண்ணில் வந்தது, ரெயிலில் ஊரும் சிடிஎம்-12 பொறியும் முன்புற டிரேயும் கொண்ட, முற்றிலும் வேறான பிளேயர். படம் இல்லாத விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பினால் எது வரும் என்று சொல்ல முடியாது.

கடையில் பார்க்க வேண்டியவை

மூன்று தகடுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்: எழுபது நிமிடத்துக்கு மேல் நீளும் அசல் சிடி ஒன்று, லேசான கீறல்கள் உள்ள சிடி ஒன்று, வீட்டில் பதிவு செய்த சிடி-ஆர் ஒன்று. விற்பவர் பெரும்பாலும் புத்தம் புதிய தகட்டின் முதல் பாட்டை மட்டுமே போட்டுக் காட்டுவார். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், முதல் பாட்டு ஓடுவது லேசர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. நீளமான சிடியின் கடைசிப் பாட்டுக்குத் தாவச் செய்யுங்கள். அங்கிருந்து முதல் பாட்டுக்குத் திரும்பச் செய்யுங்கள். தாவுவதற்குத் தடுமாறினாலோ, கடைசிப் பாட்டில் மட்டும் விக்கினாலோ ரெயில், மோட்டார் தாங்கி, லேசர் ஆகியவற்றுள் ஒன்றில் குறை இருக்கிறது. சிடி-ஆர் படிக்கப்பட்டால் லேசருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று கொள்ளலாம். சிடி-ஆர்டபிள்யூவை வைத்துச் சோதிக்க வேண்டாம். அது திருப்பி அனுப்பும் ஒளி அசல் தகட்டைவிட மிகக் குறைவு என்பதால், நல்ல நிலையில் உள்ள பழைய பிளேயரும் அதை ஏற்காமல் போகலாம்.

பிறகு அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். குளிர்ந்த நிலையில் நன்றாகப் பாடி, சூடேறியதும் திக்கத் தொடங்கும் பிளேயர்கள் நிறைய உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை 100 வோல்ட்டிலும், அமெரிக்காவுக்காகச் செய்யப்பட்டவை 120 வோல்ட்டிலும் இயங்குபவை. அவற்றை நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் டிரான்ஸ்பார்மர் போய்விடும். மின்னழுத்தத்தை மாற்றும் சுவிட்சு பின்னால் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். கோஆக்ஸியல் அல்லது ஆப்டிக்கல் டிஜிட்டல் அவுட் இருந்தால் அது கூடுதல் பலம். உள்ளிருக்கும் டிஏசி பகுதி பின்னாளில் பழுதானாலும், வெளி டிஏசி ஒன்றை இணைத்துக் கேட்கலாம்.

அடிப்பாகத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். லேசர் பொறி ஸ்பிரிங்குகளின் மேல் மிதப்பதால், அனுப்பும்போது அடிபடாமல் இருக்கப் பல பிளேயர்களில் பயணத் திருகுகள் வைத்திருப்பார்கள். அவை பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும். அதை இறுக்கிய நிலையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, படிக்கவில்லை என்று மலிவாகத் தள்ளிவிட்ட பிளேயர் உங்கள் கைக்கு வந்தால் அது அதிர்ஷ்டம். மறுபுறம், தொலைவிலிருந்து அனுப்பச் சொல்லும்போது அந்தத் திருகைப் பூட்டிவிட்டு அனுப்பும்படி விற்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். லென்ஸைத் துடைத்தால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொன்னால், அது துடைத்தும் சரியாகாத பிளேயர் என்று வைத்துக்கொண்டு விலை பேசுவதே பாதுகாப்பு. துடைத்தே சரியாகும் என்றால் அவரே துடைத்து நல்ல விலைக்கு விற்றிருப்பார்.

திறந்த பிறகு

முதலில் பாதுகாப்பு. சிடி லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாதது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மங்கலான சிவப்புப் பொட்டு ஒன்று தெரியலாம். ஆனால் உண்மையான ஒளி அதைவிடப் பல மடங்கு வலுவானது. லென்ஸுக்கு நேர் மேலே கண்ணைக் கொண்டுபோகக் கூடாது. பல பிளேயர்களில் 230 வோல்ட் கம்பிகள் முன்பக்க சுவிட்சு வரை மூடப்படாமலே வரும் என்பதால், கையை உள்ளே விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கடலோர ஊர்களில் பயன்பட்ட பிளேயராக இருந்தால் முதலில் கண்ணில் படுவது துருவும், எறும்பும், சில சமயம் பல்லி முட்டையும்தான். மென்மையான தூரிகையும் சிறு ஊது பந்தும் கொண்டு இவற்றை நீக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

டிரே திறக்கவில்லை, அல்லது பாதி வந்து நின்றுவிடுகிறது என்றால் அநேகமாக பெல்ட்தான் காரணம். பழைய பெல்ட்டைக் கழற்றி, வட்டமாக மேசையில் வைத்து விட்டத்தை அளந்து, அதைவிடச் சற்றுச் சிறியதாக, அதே தடிமனுள்ள சதுர வெட்டுப் பெல்ட்டை வாங்குங்கள். சாதாரண ரப்பர் பேண்டைப் போட்டால் சில வாரங்களில் நீண்டுவிடும். பெல்ட் உருகித் தார்போல் கப்பியில் ஒட்டியிருந்தால், அதை ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் முழுவதுமாக எடுத்த பிறகே புதிய பெல்ட்டைப் போட வேண்டும். எஞ்சும் பிசுக்கு புதிய பெல்ட்டையும் கெடுத்துவிடும்.

அடுத்து லென்ஸ். தூய ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியை, சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொள்ளுங்கள். லென்ஸ் மிக மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்து, குச்சியின் எடை மட்டுமே அதன் மேல் படும்படி, நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டமாக இரண்டு மூன்று முறை துடைத்து, உலர்ந்த குச்சியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். சிகரெட் புகை நிறைந்த வீட்டில் இருந்த பிளேயர் என்றால் குச்சியின் நுனி மஞ்சளாகிவிடும். தூரிகை ஒட்டிய சுத்தம் செய்யும் சிடிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. சுழலும் தூரிகை லென்ஸில் மோதும் வேகத்தை நம் கையால் கட்டுப்படுத்த முடியாது. ரெயிலில் ஊரும் பொறியாக இருந்தால், பழுத்து இறுகிய கிரீஸை ரெயிலிலும் பல் சக்கரங்களிலும் இருந்து துடைத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஒத்துப்போகும் இளகிய கிரீஸை மெல்லிய படலமாக இடுங்கள். அதிகமாக இட்டால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிலிப்ஸின் வீசும் கைக்கு இது எதுவும் தேவையில்லை, அதன் அச்சில் எண்ணெய் விடவே கூடாது.

இனி மின்சாரத்தைக் கொடுத்து, தகடு வைக்காமல், பக்கத்திலிருந்து கவனியுங்கள். டிரே மூடியதும் ரெயிலில் ஊரும் லேசர் உள்விளிம்புக்குச் சென்று நிற்க வேண்டும். அங்கே போகாமல் பாதியில் நின்றாலோ, போய் முட்டிக்கொண்டு மோட்டார் தொடர்ந்து இரைந்தாலோ, உள்விளிம்பில் இருக்கும் சிறு சுவிட்சில்தான் அழுக்கு. பிறகு லென்ஸ் மெதுவாக மேலெழுந்து, இறங்கி, மறுபடி எழும்; தகடு எங்கே இருக்கிறது என்று தேடுவது இது. அதே சமயம் அந்த மங்கிய சிவப்புப் பொட்டும் தெரிய வேண்டும். லென்ஸ் எழுகிறது, பொட்டு தெரியவில்லை என்றால் லேசரோ அதை இயக்கும் சுற்றோ பழுது. பொட்டு தெரிகிறது, லென்ஸ் அசையவில்லை என்றால் லென்ஸின் நகர்வைக் கட்டுப்படுத்தும் சர்வோ சுற்றும் ரிப்பன் கேபிளும் சந்தேகத்துக்குரியவை. இரண்டும் சரியாக இருந்தால் தகட்டை வையுங்கள். பல பிளேயர்களில் ஒளி குவிந்தது உறுதியான பிறகே தகடு சுழலத் தொடங்கும். தகடு ஒரே சீராகச் சுழன்று, அதன் உள்ளடக்கப் பட்டியலைப் படிக்காமல் நின்றால் குறை அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் மல்டிமீட்டரைத் தொடுவதற்கு முன்பே குறையைப் பாதி கண்டுபிடித்துவிடுவது இந்தச் சில நொடிக் கவனிப்பில்தான்.

அடுத்தது மின்வழங்கல். சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்து, அதில் குறிப்பிட்ட இடங்களில் மின்னழுத்தத்தை அளந்து, மீட்டரை ஏசி நிலைக்கு மாற்றி அதே இடங்களில் அலைவையும் பாருங்கள். 5 வோல்ட் வழியில் சில மில்லிவோல்ட்டுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கில் காட்டினால் வடிகட்டும் மின்தேக்கி உலர்ந்துவிட்டது. பிலிப்ஸின் பழைய பிளேயர்களில், குறிப்பாக லேசர் பொறிக்கு அருகே உள்ள சர்வோ போர்டில், இரு முனையிலும் கம்பி நீளும் நீல நிற எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் இந்த வயதில் நம்பத்தக்கவை அல்ல. அவற்றை ஒட்டுமொத்தமாக மாற்றுவதே மேல். 105 டிகிரி வகையை, அதே மைக்ரோஃபாரடிலும் அதே அல்லது அதிக வோல்ட்டிலும் வாங்கி, துருவ அடையாளத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகவே பொருத்துங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் இவை கிடைக்கும். விலை ஒரு பொருட்டே இல்லை. டிடிஏ1541ஏ ஐசியைச் சுற்றி நிற்கும் சிறு ஃபிலிம் மின்தேக்கிகள் பதினான்கையும் மாற்றினால் ஒலி மேம்படும் என்று படித்துவிட்டு, முதல் நாளே அவற்றைக் கழற்றத் தொடங்க வேண்டாம். அவை உலர்வதில்லை. போர்டின் செம்புத் தடம் உரிந்து வருவதுதான் மிச்சமாகும்.

சிடி104 போன்ற பிலிப்ஸ் பிளேயர்களுக்கே உரிய நோய் ஒன்று உண்டு. போர்டின் மேல்பக்கத் தடத்தையும் கீழ்ப்பக்கத் தடத்தையும் இணைக்கத் துளைகளுக்குள் சிறு உலோகக் கிளிப்புகளைச் செருகிச் சால்டர் செய்திருந்தார்கள். சூடேறிக் குளிர்ந்து ஆண்டுகள் போனதும் இந்தச் சால்டரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. பெட்டியைத் தட்டினால் பாடுவது, சூடானால் நிற்பது, ஒருநாள் ஓடி மறுநாள் ஓடாமல் இருப்பது எல்லாம் இதன் வேலை. ஒவ்வொரு கிளிப்பையும் உருக்கிப் பழைய சால்டரை உறிஞ்சி எடுத்து, துளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி இரு பக்கமும் புதிதாகச் சால்டர் செய்வதே நிலையான தீர்வு. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனாலும், லேசர் போய்விட்டது என்று ஒதுக்கப்பட்ட பல பிளேயர்கள் இதற்குப் பிறகு பேசாமல் பாடத் தொடங்கிவிடுகின்றன.

சோனி வகைப் பிளேயர்களில் தகட்டைச் சுழற்றும் சிறு மோட்டார் இன்னொரு பலவீனம். சுழலத் தயங்கினாலோ, உள்விளிம்பில் வேகம் எடுக்காமல் திணறினாலோ மோட்டாரை மாற்ற வேண்டும். அதன் அச்சில் இறுக்கிப் பொருத்திய தகட்டு மேடையைக் கழற்றும் முன், மோட்டாரின் தளத்திலிருந்து மேடையின் உயரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதியதில் அந்த உயரம் சிறிது மாறினாலும், லென்ஸ் ஒளியைக் குவிக்கும் எல்லைக்குத் தகடு வெளியே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் படிக்கவில்லை என்றால் மட்டுமே லேசரின் மின்னோட்டத்தைச் சோதிக்க வேண்டும். சோனியின் பல பிக்கப்களில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அது 484 என்றால், அந்த லேசர் புதிதாக இருந்தபோது எடுத்துக்கொண்ட மின்னோட்டம் 48.4 மில்லிஆம்பியர். இன்றைய அளவு அதைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் கூடியிருந்தால் டயோடு முதுமை அடைந்துவிட்டது. பிக்கப்பின் மேல் இருக்கும் சிறு திருகைத் திருப்பி மின்னோட்டத்தைக் கூட்டினால் மறுபடி படிக்கும் என்ற அறிவுரை எங்கும் கிடைக்கிறது. படிக்கும் என்பது உண்மைதான். ஆனால், தளர்ந்த டயோடை மேலும் எரிக்கும் வேலை அது. சில வாரங்களிலோ சில மாதங்களிலோ நிரந்தரமாக நின்றுவிடும். தகட்டிலிருந்து லேசர் படித்தெடுக்கும் ஆர்எஃப் அலையை ஆசிலோஸ்கோப்பில் பார்த்து, மேனுவல் சொல்லும் அளவுக்கு, வழக்கமாக 1 வோல்ட்டை ஒட்டி, சரிசெய்யத் தெரிந்தவர் மட்டுமே அதைத் தொடலாம். மற்றவர்கள் தொடக்க நிலையைப் பேனாவால் குறித்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வதே நல்லது. விற்பனைக்கு வரும் பிளேயர்களில் இந்தத் திருகின் மேல் ஸ்க்ரூடிரைவர் கீறல் தெரிந்தால், யாரோ ஏற்கெனவே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள் என்று பொருள்.

புதிய பிக்கப் வாங்கினால், கேஎஸ்எஸ் வகைகளில் லேசர் டயோடின் முனைகளை இணைக்கும் சிறு சால்டர் பொட்டு ஒன்று போர்டில் இருப்பதைக் காணலாம். நம் உடலில் சேரும் நிலைமின்சாரத்தால் டயோடு இறந்துவிடாமல் காக்க வைத்த ஏற்பாடு அது. மணிக்கட்டில் எர்த் பட்டை அணிந்து, பிக்கப்பை இடத்தில் வைத்து, ரிப்பன் கேபிளைச் செருகிய பிறகே அந்தப் பொட்டை உருக்கி எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் டயோடு போகும். எடுக்க மறந்தால் லேசர் எரியாது. புதிய பிக்கப்பும் பழுதென்று பலர் திருப்பி அனுப்புவதற்குப் பின்னால் இந்த மறதியே பெரும்பாலும் இருக்கிறது.

தகடு படிக்கிறது, ஒரு பக்கம் மட்டும் ஒலி விட்டு விட்டு வருகிறது என்றால் வெளியீட்டில் ஒலியை இணைக்கவும் துண்டிக்கவும் இருக்கும் மியூட் ரிலேயின் முனைகள் கறுத்திருக்கும். மூடியைத் திறந்து துடைப்பதைவிட ரிலேயை மாற்றிவிடுவதே நீடிக்கும். டிஸ்பிளே மங்கியிருப்பதற்கு மின்தேக்கி காரணம் இல்லையென்றால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

கழற்றிய பழைய பிக்கப்பை எறிந்துவிடாதீர்கள். லேசர் இறந்திருந்தாலும், அதன் ரெயில், பல் சக்கரம், மோட்டார், ரிப்பன் கேபிள் ஆகியவை அதே எண்ணுள்ள அடுத்த பிளேயருக்கு உதவும். எந்த மாடலிலிருந்து எடுத்தது, என்ன குறை என்று ஒரு சீட்டில் எழுதி, நிலைமின்சாரம் தாக்காத உறையில் போட்டு வைத்தால், ஆண்டுகள் கழித்து எடுக்கும்போதும் அது என்னவென்று தெரியும்.